ஏர் பூட்டிய சொல்

கயல்: பெரியப்பா, வணக்கம். நேற்றைய வகுப்பில் ‘இன்கோயேட்’ (inchoate) குற்றங்கள் பற்றிப் பாடம் நடந்தது. தூண்டுதல், கூட்டுச்சதி, முயற்சி ஆகிய மூன்றையும் அப்படி அழைக்கிறார்கள். இந்தியக் குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் இவை நான்காம் அத்தியாயத்தில் ஒன்றாக வருகின்றன. அகராதியிலோ அந்தச் சொல்லுக்குத் ‘தொடக்க நிலையிலுள்ள’ என்றும் ‘குழப்பமான’ என்றும் இரு பொருள்கள் உள்ளன. எதைக் கொள்வது?

பெரியப்பா: முதற்பொருளைக் கொள், அம்மா. இலத்தீனில் ‘இன்கோஹாரே’ என்றால் தொடங்குதல். அதனுள் இருக்கும் ‘கோஹும்’ என்பது ஏர்க்காலை நுகத்தடியோடு பிணைக்கும் வார் என்று ரோமானிய இலக்கண அறிஞர் ஃபெஸ்டஸ் குறித்திருக்கிறார். மாடுகளை நிறுத்தி ஏரைப் பூட்டியாயிற்று, ஆனால் கொழு இன்னும் மண்ணில் இறங்கவில்லை என்ற நிலையிலிருந்தே இச்சொல் பிறந்திருக்க வேண்டும் என்று அகராதி அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள்.

செல்வி அத்தை: அண்ணா, அந்தக் கயிற்றை நம் ஊரில் வடக்கயிறு என்போம். பூட்டாங்கயிறு வேறு, அது மாட்டின் கழுத்தைச் சுற்றி வருவது. சித்திரையில் பொன்னேர் பூட்டும் நாளில் அப்பா வடக்கயிற்றை இறுக்கிக் கட்டி, சூடம் காட்டி, கிழக்குப் பார்த்துச் சில சால்கள் மட்டும் ஓட்டிவிட்டு ஏரை அவிழ்த்துவிடுவார்.

பெரியப்பா: சரியாக நினைவுபடுத்தினாய், செல்வி. அன்று ஆண்டின் உழவு தொடங்கிவிட்டது என்போம், ஆனால் வயல் உழப்படாமலேதான் கிடக்கும். கயல், உன் சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை. ‘குழப்பமான’ என்ற பொருள் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது. கிரேக்க வழி வந்த ‘கேயாஸ்’ (chaos) என்ற சொல்லோடு எழுத்தில் ஒத்திருப்பது அதற்கு ஒரு காரணமாகலாம், ஆனால் இரண்டுக்கும் வேர் வேறு. ஒலிப்பிலும் கவனமாயிரு. பழைய இலத்தீனில் ‘ஹ’ (h) எழுத்து ‘ஓ’வுக்குப் (o) பின்னால் இருந்தது; பிற்காலத்தில் அது முன்னால் நகர்ந்ததால் எழுத்தில் ‘ச்’ (ch) போலத் தோன்றுகிறது. ‘க்’ என்றே சொல்ல வேண்டும்.

முத்து சித்தப்பா: குற்றத்துக்கு மட்டும்தானா இந்தச் சொல்?

கயல்: இல்லை, சித்தப்பா. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில் 20-ஆம் பிரிவின் தலைப்பிலேயே இச்சொல் இருக்கிறது. முத்திரையிட்ட தாளில் ஒருவர் எதையும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தால், அந்த முத்திரைக்கு உட்பட்ட எந்தத் தொகையையும் எழுதிப் புரோநோட்டை நிறைவு செய்துகொள்ளும் அதிகாரத்தை, தாளைப் பெற்றவருக்கு அவர் கொடுத்ததாகவே சட்டம் கொள்கிறது.

முத்து சித்தப்பா: நாளை நான் கையெழுத்திட வேண்டிய தாளும் வெற்றுத் தாள்தான், அம்மா. தொகையையும் தேதியையும் என் கண்முன்னே எழுதச் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்திடுகிறேன்.

செல்வி அத்தை: எழுதியதைப் படம் எடுத்து இங்கே அனுப்பு, தம்பி. அண்ணா ஒருமுறை படித்துப் பார்க்கட்டும்.