கம்பனி ஊர் மாறும்போது சின்னப் பங்குதாரரை யார் கேட்கிறார்கள்?

வெள்ளவத்தைக்காரன்: டெஸ்லா கம்பனி பதிவாகியிருந்தது அமெரிக்காவின் டெலவெயர் மாநிலத்தில். 2024 ஜனவரியில் டெலவெயர் நீதிமன்றம் அதன் தலைவர் மஸ்க்கின் சம்பளப் பொதியை ரத்துச் செய்தது, ஜூனில் டெஸ்லா தன் பதிவை டெக்ஸாஸ் மாநிலத்துக்கு மாற்றிக்கொண்டது. தீர்ப்புப் பிடிக்கவில்லை என்றால் நீதிமன்றத்தையே மாற்றலாம் போல! பங்குதாரர் வாக்கெல்லாம் ஒப்புக்குத்தான்.

கொட்டாஞ்சேனைக் கணக்கர்: ஒப்புக்கு இல்லை தம்பி. டெலவெயர் சட்டப்படி, பதிவை வேறு மாநிலத்துக்கு மாற்ற முதலில் பணிப்பாளர் சபை தீர்மானம் எடுத்துப் பங்குதாரர் முன் வைக்க வேண்டும், அது நிறைவேறினால்தான் மாற்றப் பத்திரத்தைத் தாக்கல் செய்யலாம். வந்து வாக்களித்தவர்களில் பாதி போதாது, வாக்குரிமை உள்ள மொத்தப் பங்குகளில் பாதிக்கு மேல் வேண்டும். வாக்களிக்காமல் வீட்டில் இருந்தாலும் அது எதிர் வாக்குத்தான். நம் இலங்கையின் 2007ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கம்பனிச் சட்டத்தில் விசேட தீர்மானத்துக்கு 75 சதவீதம் கேட்கிறார்கள், கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் அது வாக்களித்தவர்களில் மட்டும். என் அப்பா பொதுக்கூட்டத்தில் தனக்காக இன்னொருவர் வாக்களிக்க அனுப்பும் பதிலாள் படிவத்தை ஆண்டறிக்கையோடு சேர்த்து உறையைக்கூடக் கிழிக்காமல் வைத்துவிடுவார், அதன் மேல்தான் தேநீர்க் கோப்பை. அந்தச் சோம்பல் இங்கே ஒருவரையும் தடுக்காது, அங்கே ஒரு இடமாற்றத்தையே கவிழ்க்கும்.

வெள்ளவத்தைக்காரன்: ஓம், ஆனால் டெலவெயரில் 2022 ஆகஸ்டுக்கு முன் ஒரு பங்குதாரர் விடாமல் எல்லாரும் சம்மதிக்க வேண்டியிருந்ததே. அதைப் பாதியாகக் குறைத்தது யாருக்காக?

கொட்டாஞ்சேனைக் கணக்கர்: அப்போதும் வேறு மாநிலத்தில் துணைக் கம்பனி தொடங்கி, அதோடு இணைத்துப் பாதி வாக்கிலேயே போய்க்கொண்டுதான் இருந்தார்கள். சுற்றுவழியை நேர்வழியாக்கினார்கள், அவ்வளவுதான்.

பம்பலப்பிட்டி ரமணி: இரண்டு பேரும் டெலவெயரில் பதிவான பயண இணையதளக் கம்பனி டிரிப்அட்வைசரை விட்டுவிட்டீர்கள். 2023இல் நெவாடா மாநிலத்துக்குப் போக நடந்த வாக்கு, பாதிக்கு மேல் வாக்கை வைத்திருந்த கட்டுப்பாட்டுப் பங்குதாரரின் கையால்தான் நிறைவேறியது, வெளிப் பங்குதாரர் பெரும்பாலும் ஆதரிக்கவில்லை. வழக்கு டெலவெயர் உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 பெப்ரவரியில் அது பணிப்பாளர்களின் வியாபாரத் தீர்மானம், நீதிபதிகள் அதைக் கிளறத் தேவையில்லை என்று முடிந்தது. ஒருவரிடமே பாதிக்கு மேல் வாக்கு இருந்தால், கணக்கர் அப்பாவின் சோம்பலுக்கு என்ன பெறுமதி?

கொட்டாஞ்சேனைக் கணக்கர்: அது நியாயம்தான் ரமணி. ஆனால் டிரிப்அட்வைசர் பணிப்பாளர்கள் முடிவெடுத்த நேரத்தில் தலைக்கு மேல் வழக்கு ஒன்றும் தொங்கவில்லை, நீதிமன்றம் அதையும் பார்த்தது. டெஸ்லாவில் மஸ்க், அவர் தம்பி இருவரின் பங்குகளையும் ஒதுக்கி, மற்றவர்களின் வாக்கைத் தனியாகவும் எண்ணினார்கள்.

வெள்ளவத்தைக்காரன்: தனியாக எண்ணச் சொல்லிச் சட்டம் கட்டாயப்படுத்தியதா அண்ணை?

கொட்டாஞ்சேனைக் கணக்கர்: இல்லை. கம்பனி தானாக வைத்த நிபந்தனை.

வெள்ளவத்தைக்காரன்: அப்போ நான் முதலில் சொன்னதில் என்ன பிழை?