ஒரே வால்வு: கீழ ஜோரா ஓடுது, மாடியில நூலா ஒழுகுது. ஏன்?

காலடிப்பேட்டை மாடித்தோட்டம்:

திருவொற்றியூர் காலடிப்பேட்டையில எங்க வீடு, தரையோட சேத்து மூணு அடுக்கு. மொட்டை மாடியில அம்மா வெச்ச நாப்பது தொட்டி இருக்கு. கத்திரி, வெண்டை, மணத்தக்காளி, தண்ணி டேங்க்குக்கு அடியில பிரண்டை. கீழ சந்துல முருங்கை ஒண்ணு, வாழை மூணு. எனக்கு ஷிஃப்ட் வேலை. அம்மாவுக்கு முட்டி வலி, குடம் தூக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாங்க.

அதனால ரிச்சி தெருவுல 12 வோல்ட் டிசி பிளாஸ்டிக் சொலினாய்டு வால்வு (காயிலுக்குக் கரண்ட் குடுத்தா திறக்கற தண்ணி வால்வு), அரை இன்ச், ரெண்டு வாங்கினேன். ஒரே கடை, ஒரே டப்பா. ஓட்டறதுக்கு ஆர்டுயினோ யுனோ (புரோகிராம் போடற சின்ன கன்ட்ரோல் போர்டு) ஒண்ணு, வால்வுக்குக் கரண்ட ஆன்-ஆஃப் பண்ண மாஸ்ஃபெட் ரெண்டு, புதுசா ஒரு 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. காலையில ஒவ்வொரு வால்வும் 15 நிமிஷம், சாயங்காலமும் அதே மாதிரி.

கீழ வாழைக்குப் போட்டது ஜோரா ஓடுது. மாடியில இருக்கறது டக்குனு சத்தம் குடுக்குது, தண்ணி மட்டும் நூல் மாதிரி வருது. மூடினப்புறமும் சொட்டுது. சரி, வால்வு மட்டம் போலன்னு ரெண்டையும் கழட்டி இடம் மாத்திப் போட்டேன். கீழ போனது நல்லாயிடுச்சு, மேல வந்தது கெட்டுப்போச்சு!

இது போதாதுன்னு பேட்டரி வேற நாலே நாள்ல படுத்துடுது. மாடியில கரண்ட் பாயிண்ட் கிடையாது. மழையில வயர் இழுக்க அம்மா விட மாட்டாங்க.

வால்வு உடம்புல 0.02–0.8 எம்பிஏ-ன்னு அச்சடிச்சிருக்கு. காயில் 0.4 ஆம்பியர் இழுக்குது, மீட்டர் வெச்சுப் பாத்தேன். இதைவிடச் சின்னதா, கரண்ட் கம்மியா திங்கற வால்வு நாமளே செஞ்சுக்க முடியுமா?

பெரம்பூர் பைப்லைன்:

காயில் வீக்கா இருக்கும். 18 வோல்ட் குடுத்துப் பாருங்க, இழுவை ஏறும். எங்க சைட்ல அப்படித்தான் ஓட்டறோம்.

கொருக்குப்பேட்டை லேத்து:

தம்பி, 18 வோல்ட் குடுத்துடாதே. வோல்ட் ஒண்ணரை மடங்கு ஆனா சூடு ரெண்டே கால் மடங்கு. காயில் கருகும், தண்ணி அப்பவும் நூலாத்தான் வரும். டக்குனு சத்தம் வருதுன்னு நீயே எழுதியிருக்கே. காயில் அது வேலைய முடிச்சிடுச்சு. மீதி வேலைய செய்ய வேண்டியது தண்ணி. அதுக்குத்தான் உன் மாடியில தெம்பு இல்ல.

நான் ரயில்வேல பிரேக் செக்‌ஷன்ல இருந்து ரிட்டையர் ஆனவன், இப்ப வீட்டுக்குப் பக்கத்துல ஒரு லேத்து வெச்சிருக்கேன். ரயில் பிரேக்கு எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா உன் வால்வு புரிஞ்சிடும். வண்டி முழுக்க ஓடற பிரேக் பைப்புல சதுர செ.மீ.க்கு 5 கிலோ அழுத்தத்துல காத்து நிக்கும். டிரைவர் அதுல கொஞ்சம் இறக்குவாரு, அவ்வளவுதான். ஒவ்வொரு பெட்டிக்கு அடியிலயும் டிஸ்ட்ரிபியூட்டர் வால்வு ஒண்ணு உக்காந்திருக்கு. அது அந்த இறக்கத்த உணர்ந்து, பெட்டியோட சொந்த டேங்க்ல இருக்கற காத்த பிரேக் சிலிண்டருக்குத் திறந்து விடும். சக்கரத்தப் புடிக்கறது டிரைவர் கை பலம் இல்ல, டேங்க்ல சேத்து வெச்ச காத்து. டிரைவர் சொல்றது சேதி மட்டும்தான்.

உன் வால்வுலயும் காயில் சேதி சொல்ற ஆளு. உள்ள ரப்பர் டயஃப்ரம் இருக்கும், அதுல ஊசி ஓட்டை ஒண்ணு. அது வழியா வர்ற தண்ணி டயஃப்ரத்துக்கு மேல இருக்கற அறைய ரொப்பும். ரெண்டு பக்கமும் ஒரே அழுத்தம், ஆனா மேல் பக்கம் பரப்பு ஜாஸ்தி. அதனால தண்ணியே தன்னை மூடிக்கும். காயில் இழுத்தா, மேல் அறையில இருந்து வெளிய போற இன்னொரு சின்ன ஓட்டை, பைலட் ஓட்டைம்பாங்க, அது திறக்கும், மேல் அறைத் தண்ணி அந்தப் பக்கம் ஓடிடும், கீழ இருக்கற அழுத்தம் டயஃப்ரத்தத் தூக்கும்.

ஏன் இவ்வளவு சுத்தி வளைக்கணும்? கணக்குப் போடு. உள் வாய் 12 மி.மீ. விட்டம்னு வெய்யி, பரப்பு 1.13 சதுர செ.மீ. லைன்ல 4 பார் (ஒரு பார்னா சுமாரா சதுர செ.மீ.க்கு ஒரு கிலோ அழுத்தம்) இருந்தா, காயில் நேரா தூக்க 4½ கிலோ வேணும். பைலட் ஓட்டை 1.2 மி.மீ. விட்டம் பத்துல ஒண்ணு, பரப்பு நூறுல ஒண்ணு. 45 கிராம் போதும். காயில் சின்னதாகறது இப்படித்தான்.

ஆனா சும்மா வர்றது இல்ல இது. தூக்கற கூலிய தண்ணி அழுத்தத்துல இருந்து எடுத்துக்குது. எம்பிஏ-ன்னு போட்டிருக்கே, அது படிப்பு இல்ல, மெகா பாஸ்கல். 0.02-ன்னா 0.2 பார், அதாவது 2 மீட்டர் உசரத் தண்ணி. அதுக்குக் கம்மியா இருந்தா நான் வேலை செய்ய மாட்டேன்னு வால்வு நெத்தியிலயே எழுதியிருக்கான். கீழ வாழைகிட்ட உனக்கு 10 மீட்டர் கிடைக்கும், ஏறக்குறைய 1 பார். மாடியில? டேங்க் ஸ்டாண்டையும் தண்ணி மட்டத்தையும் சேத்தா ஒண்ணரை மீட்டர் இருக்குமா?

டயஃப்ரம் 25 மி.மீ.னு வெச்சா, வாய் போக மீதி வளையம் 3.8 சதுர செ.மீ. கீழ அதைத் தூக்க 3.8 கிலோ பலம் இருக்கு. மாடியில அரை கிலோ சொச்சம். அதுல ஸ்பிரிங் ஒரு பங்கு தின்னும், ரப்பர் விறைப்பு ஒரு பங்கு. லேசா தூக்கி தண்ணி ஓட ஆரம்பிச்சதும் ரெண்டு பக்க வித்தியாசம் இன்னும் குறையும், டயஃப்ரம் திரும்ப உக்காரப் பாக்கும். உனக்கு வர்ற நூல் தண்ணி முக்கால்வாசி பைலட் ஓட்டைத் தண்ணிதான். சொட்டறதும் அதே கதை, அழுத்திப் புடிக்க ஆள் இல்ல.

சின்னதா வேணும்னு கேட்டே பாரு, அங்கதான் சிக்கலே. அழுத்தம் கம்மியான இடத்துல பைலட் வால்வு ஓடணும்னா டயஃப்ரத்தப் பெருசாக்கணும், ஸ்பிரிங்க மெலிசாக்கணும், பைலட் தண்ணிய பைப்புக்குள்ள விடாம வெளிய ஒரு தொட்டிக்குத் திருப்பணும். செய்யலாம். ஆனா சின்னதா இருக்காது.

ஓட்டை கணக்குல நானே பட்டிருக்கேன். காசிமேட்டுல ஒரு ஐஸ் கம்பெனிக்கு, கேன் ரொப்பற ஒண்ணரை இன்ச் லைனுக்கு, பித்தளையில வால்வு கடைஞ்சு குடுத்தேன். அவசரத்துல டயஃப்ரம் ஓட்டை 1.5 மி.மீ., பைலட் 1.2. திறக்கவே இல்ல! பைலட் காலி பண்றதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் ரொம்பிடுது. பைலட்ட 2-க்கு ஏத்தி, டயஃப்ரம் ஓட்டைய 0.8-க்கு இறக்கினேன். அழகா ஓடுச்சு, மூணு மாசம். அப்புறம் ஒரு ராத்திரி உப்புப் படிஞ்சு அந்த 0.8 அடைச்சுக்கிச்சு. மேல் அறை ரொம்பல, வால்வு மூடல, விடியறதுக்குள்ள கொட்டகை முழுக்க முழங்கால் தண்ணி. ஓனர் என்னைக் கூப்பிட்டு, "நைனா, இதுல படகு விடலாமா?"ன்னு கேட்டாரு.

பைலட் அடைச்சா திறக்காது, செடி வாடும். டயஃப்ரம் ஓட்டை அடைச்சா மூடாது, டேங்க் காலி. நம்ம பக்கம் போர் தண்ணி உப்பு, இது நடக்கும். அதுக்கப்புறம் நான் வால்வு உடம்புல ஒரு ஸ்டெயின்லெஸ் ஊசிய நட்டு, டயஃப்ரம் ஓட்டை அது மேல ஏறி இறங்கற மாதிரி செய்யறேன். ஒவ்வொரு தடவை திறந்து மூடும்போதும் தானே குத்தி எடுத்துக்கும். முன்னாடி நூறு மெஷ் வலை ஒண்ணு.

மின்ட் தெரு சால்டரிங்:

லேத்து ஐயா சொன்னது தண்ணிக் கணக்கு. பேட்டரி கணக்கு நான் சொல்றேன் ப்ரோ. ரெண்டு வால்வும் சேத்து தினம் ஒரு மணி நேரம், 0.4 ஆம்பியர். அப்ப வால்வு செலவு 0.4 ஆம்பியர்-அவர். யுனோ போர்டு சும்மா இருந்தாலே 45–50 மில்லி ஆம்பியர் திங்கும், 24 மணி நேரமும். தினம் 1.1-க்கு மேல. மொத்தம் ஒண்ணரை, 7-ஐ வகுத்தா நாலரை நாள். உங்க பேட்டரிய முடிக்கறது வால்வு இல்ல, போர்டு! பச்சை எல்இடி எரிஞ்சுட்டே இருக்குமே, அதுவும் இதுலதான்.

போர்டுல இருக்கற சிப்ப மட்டும் தனியா எடுத்து, தூங்க வெச்சு, வாட்ச்டாக்ல (சிப்புக்குள்ளயே இருக்கற டைமர்) எழுப்புங்க. தூங்கும்போது சில மைக்ரோ ஆம்பியர்தான். அதுக்கப்புறம் வேணா லாட்சிங் காயிலுக்குப் போங்க. உள்ள நிரந்தர காந்தம் இருக்கும். திறக்க ஒரு துடிப்பு, மூட துருவத்த மாத்தி ஒரு துடிப்பு, நடுவுல கரண்டே கிடையாது. 12 வோல்ட், அரை ஆம்பியர், 40 மில்லி செகண்டுன்னா கால் ஜூல். ஒரு வால்வுக்கு தினம் நாலு துடிப்பு, ஒரு ஜூல். இப்ப ரெண்டு வால்வுக்கு 17,000 ஜூலுக்கு மேல எரிக்கறீங்க.

ஒரு எச்சரிக்கை. சாதா காயில் கரண்ட் போனா ஸ்பிரிங்ல மூடிக்கும். லாட்சிங் திறந்தபடியே நிக்கும். அந்த மூடற துடிப்புக்குக் கரண்ட சேத்து வெக்க 4700 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர் ரெண்ட எப்பவும் சார்ஜ்ல வெச்சு, பேட்டரி 11.5-க்கு இறங்கினதும் மூடற துடிப்ப அடிச்சுட்டு அப்புறம் தூங்கச் சொல்லுங்க.

பெரம்பூர் பைப்லைன்:

18 வோல்ட் சொன்னது தப்புதான், எங்களுக்கு லைன்ல மோட்டார் பிரஷர் இருக்கு, அதான் ஓடிச்சு போல. அது கிடக்கட்டும், எங்க வால்வு மூடும்போது பைப் டம்முனு அடிக்குது. அதுக்கு வழி?

கொருக்குப்பேட்டை லேத்து:

டயஃப்ரம் ஓட்டைய இன்னும் சின்னதாக்கு, மேல் அறை மெதுவா ரொம்பும், மெதுவா மூடும். செகண்டுக்கு ஒரு மீட்டர் வேகத்துல ஓடற தண்ணிய சட்டுனு நிறுத்தினா பிவிசி பைப்புலயே 4 பார் போல எகிறும், இரும்பா இருந்தா 12 கிட்ட. வலைய மட்டும் மறந்துடாதே.

காலடிப்பேட்டை மாடித்தோட்டம்:

ஐயா, டியூப் வெச்சு அளந்தேன். டேங்க் ரொம்பி இருக்கும்போது 1 மீட்டர் 60, பாதியில 1 மீட்டர் 20. போர்டையும் மீட்டர்ல பாத்தேன், 47 மில்லி ஆம்பியர். தலையில அடிச்சுக்கிட்டேன். மாடிக்கு வேற என்னதான் போடறது? மோட்டார் வெச்ச பால் வால்வு (உள்ள ஓட்டை போட்ட உருண்டை திரும்பித் திறக்கறது) சரிப்படுமா?

கொருக்குப்பேட்டை லேத்து:

பால் வால்வு ஓடும், அழுத்தமே வேணாம், திரும்பற நேரத்துக்குத்தான் கரண்ட். எனக்கு மனசு ஒப்பல, உப்புத் தண்ணியில உருண்டை இறுகிடும்.

உனக்கு அரை இன்ச் வாய் எதுக்கு? நாப்பது தொட்டிக்கு, தொட்டிக்கு மணிக்கு 4 லிட்டர்னாலும் நிமிஷத்துக்கு மூணு லிட்டர் கூட வராது. 6 மி.மீ. ஓட்டை, ஒண்ணரை மீட்டர் உசரத்துல நிமிஷத்துக்கு அஞ்சு லிட்டருக்கு மேல விடும். அந்த ஓட்டைய மூடி நிக்கற பலம் எவ்வளவு தெரியுமா? 42 கிராம். 4 பார் லைன்ல பைலட்டுக்கு வேண்டிய அதே பலம்! மாடியில உனக்கு பைலட்டே வேணாம், நேரா தூக்கற வால்வு போதும். ஒரே வித்தியாசம், 1.2 மி.மீ. ஓட்டைக்கு பிளஞ்சர் (காயில் இழுக்கற இரும்புத் தண்டு) 0.3 மி.மீ. ஏறினா போதும், 6 மி.மீ.க்கு ஒண்ணரை மி.மீ. ஏறணும். தூரம் கூடினா காந்தம் சரசரன்னு பலம் இழக்கும், அதனால அதே காயில் எடுபடாது, ஒரு சைஸ் பெருசா லாட்சிங் காயில் வேணும். கீழ இருக்கறத தொடாதே, அது நல்லாத்தான் ஓடுது.

உன் மாடி வால்வ எடுத்துட்டு ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு மேல வா. டயஃப்ரத்தக் கழட்டிப் போட்டுட்டு, பித்தளையில 6 மி.மீ. வாய் ஒண்ணு கடைஞ்சு உள்ள உக்கார வெச்சுப் பாக்கலாம். காயில் மட்டும் நீ வாங்கிட்டு வரணும்.