தேசிப் புழுவிலிருந்து வந்த குளவி: புது இனம் என்றால் பெயர் வைப்பது எப்படி?

மாடித்தோட்டம்06:
வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். பல்கனியில் ஒரு தேசிச் செடி சாடியில் நிற்கிறது. அதிலிருந்து காக்கை எச்சம் போலத் தெரியும் புழு ஒன்றை எடுத்து, வண்ணத்துப்பூச்சி வரும் என்று ஜாம் போத்தலில் இலை போட்டு வளர்த்தேன். ஆறாம் நாள் அதன் தோலைத் துளைத்துக்கொண்டு குட்டிப் புழுக்கள் வெளியே வந்து, பக்கத்திலேயே வெள்ளைக் கூடு கட்டின. எண்ணிப் பார்த்தேன், 23. அதற்குப் பிறகும் பெரிய புழு ஒரு நாள் உயிரோடு இருந்தது. பிறகு எள்ளளவு கறுப்புக் குளவிகள் வந்தன. படம் பார்த்த நண்பர் ஒருவர் உலகத்துக்கே புது இனமாக இருக்கலாம் என்கிறார். விவரித்துப் பெயர் வைக்க என்ன செய்ய வேண்டும்? அம்மாவின் பெயரை வைக்க ஆசை. குளவிகள் போத்தலில் இருக்கின்றன. புழு செத்ததால் எறிந்துவிட்டேன்.

குளவிப்பெட்டி (தெஹிவளை):
தம்பி, முதலில் அந்தப் புழுவைத் தேடி எடுங்கள். மிச்சத்தைப் பிறகு பேசலாம்.

தேடிவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். புது இனம் என்று நிரூபிப்பது என்றால், ஏற்கெனவே பெயர் வைத்தவற்றில் எதுவும் இது இல்லை என்று காட்டுவது. தேசிப் புழுவைத் தாக்கும் டிஸ்டாட்ரிக்ஸ் பப்பிலியோனிஸ் என்ற குளவி ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. அதிலிருந்து தொடங்குங்கள். இலங்கைக் குளவிகளுக்குப் பெயர் வைக்கும் வேலையும் பழையது. பூச்சியியலாளர் ஈ. ஈ. கிறீன் இங்கே சேகரித்தவற்றை இன்னொரு பூச்சியியலாளரான பீற்றர் கமரன் 1905-ல் ஸ்பொலியா செய்லானிக்காவில் விவரித்தார். அது நமது கொழும்பு நூதனசாலையின் சொந்த இதழ். அந்தக் கால விவரிப்புகள் மிகச் சுருக்கம். வாசித்து முடிவுக்கு வர முடியாது, ஹோலோடைப் எனப்படும் மூல மாதிரியையோ அதன் படத்தையோ பார்த்துத்தான் ஆக வேண்டும்.

நான் ஆய்வு உதவியாளராக இருந்தபோது ஒரு குளவியை எட்டு மாதம் அளந்து வரைந்தேன். உணர்கொம்பில் எத்தனை கணு, இறகின் நரம்பு எங்கே மடங்குகிறது, வயிற்றின் முதல் தகடு அகலத்தைவிட எத்தனை மடங்கு நீளம், முட்டையிடும் ஊசி பின்காலோடு ஒப்பிட்டால் எவ்வளவு என்று எல்லாம் எழுதிப் பெயரும் யோசித்துவிட்டேன். அப்புறம் ஒரு பழைய மூல மாதிரியின் படம் வந்தது. அதே குளவி. அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் பழைய மாதிரியின் சீட்டில் எந்தப் புழுவிலிருந்து வந்தது என்று எழுதியிருக்கவில்லை. என் போத்தலிலும் இல்லை, ஏனென்றால் நானும் புழுவை எறிந்துவிட்டேன். நூறு வருட இடைவெளியில் இரண்டு பேரும் ஒரே பிழையைச் செய்திருக்கிறோம். இன்றைக்கு வரை அது எதைத் தின்று வளர்கிறது என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் முதல் வரியிலேயே சத்தம் போட்டேன்.

இந்தக் குளவிக் கூட்டத்தில் பல இனங்கள் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். கோஸ்டாரிக்காவில் குவானகாஸ்டே பகுதியில் மட்டும் அபன்டெலிஸ் என்ற குளவிப் பேரினத்தில் 186 இனங்களை 2014-ல் புதிதாக விவரித்தார்கள். அவற்றைப் பிரிக்க உருவத்தோடு மரபணுக் குறியும், எந்தப் புழுவிலிருந்து வந்தது என்ற குறிப்பும் துணை நின்றன. ஆக, புழுவும் குளவியின் அடையாளத்தில் சேர்த்திதான்.

குளவிகளில் சிலவற்றை 95 சதவீத எதனோலில் போட்டு பிரீசரில் வையுங்கள். சீட்டைப் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை கரைந்துவிடும். உண்மையிலேயே புதிது என்றால் ஒரே ஒரு குளவிதான் ஹோலோடைப், அது நூதனசாலையில் இருக்க வேண்டும். வனஜீவராசிகள் திணைக்களத்தில் கேட்காமல் வெளிநாட்டுக்கு ஒரு கால்கூட அனுப்பாதீர்கள். அம்மாவின் பெயர் தாராளமாக வைக்கலாம், லத்தீனில் பெண் பெயருக்குக் கடைசியில் ‘ஏ’ சேரும். ஆனால் பெயரை இங்கே எழுதிவிடாதீர்கள். முறையான இதழில் வரும்வரை அது பெயரே இல்லை. இணையத்தில் மட்டும் வரும் இதழென்றால் சூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவும் வேண்டும், 2012-லிருந்து அதுதான் விதி.

புழுவுக்குள் இத்தனை குளவிகள் எப்படி வளர முடிந்தது என்றால்: இந்த வகைத் தாய்க்குளவிகள் முட்டையோடு ஒரு வைரஸையும் புழுவுக்குள் செலுத்துகின்றன. புழுவின் இரத்த அணுக்களால் முட்டையைச் சூழ்ந்து கொல்ல முடியாமல் போகிறது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் இன்னும் உடல் சிலிர்க்கும்.

நோர்வூட்பேத்தி (கொட்டாஞ்சேனை):
அக்கா சொன்னதற்குத் தேயிலையில் ஓர் உதாரணம். இலைகளை ஒட்டிச் சுருட்டும் டோர்ட்ரிக்ஸ் புழுவின் விஞ்ஞானப் பெயர் ஹோமோனா கொஃபியாரியா. அதைக் கட்டுப்படுத்த 1935–36-ல் ஜாவாவிலிருந்து கொண்டுவந்து விட்ட குளவி மக்ரோசென்ட்ரஸ் ஹோமோனே. பெயருக்குள்ளேயே புழு இருக்கிறது. எங்கள் தாத்தா கொழுந்து மலையில் வேலை செய்தவர், அந்தக் குளவியைப் பற்றி யாரும் அவருக்குச் சொன்னதில்லை. ‘கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்’ என்று பாட்டி சொல்வார். அது இந்தக் குளவியைப் பார்த்துச் சொன்னதா?

குளவிப்பெட்டி:
அது மண்கூடு கட்டும் குளவியைப் பார்த்துச் சொன்னது என்று நினைக்கிறேன். புழுவைக் கொட்டி மயக்கி உள்ளே வைத்து அடைத்துவிடும், சில வாரத்தில் குளவி வெளியே வரும். உள்ளே குளவி முட்டையிட்டது வெளியிலிருந்து தெரியாது. ஆனாலும் அவர்கள் எவ்வளவு பொறுமையாகப் பார்த்திருக்கிறார்கள்!

மாடித்தோட்டம்06:
அக்கா, கிடைத்துவிட்டது. குப்பை லொறி இன்னும் வரவில்லை. வற்றிப்போய்த் தோல்தான் மிச்சம், தலை அப்படியே இலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பென்சிலால் ‘கொழும்பு 6, பல்கனித் தேசி’ என்று எழுதித் திகதியும் போட்டேன். செடியில் இன்னும் நான்கு புழு இருக்கின்றன. மருந்தடிக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். நான்கையும் ஒரே போத்தலில் போடலாமா?

குளவிப்பெட்டி:
வேண்டாம், தனித்தனியாக. எந்தக் குளவி எந்தப் புழுவிலிருந்து வந்தது என்று பிறகு சொல்ல முடியாமல் போகும். மூடியில் துளை போடாமல் மெல்லிய துணி கட்டுங்கள். இந்தக் குளவி ஊசித் துளையிலும் போய்விடும்.