டெபியன் லினக்ஸ்ல டெஸ்க்டாப் போட புதுசா வர்றவங்களுக்குப் புரியற கைடு எது?

கேள்வி:
பழைய லேப்டாப், 2 ஜிபி ரேம். டெபியன் 12 டெஸ்க்டாப் இல்லாம மினிமலா போட்டேன், இப்ப கருப்பு ஸ்கிரீன்ல லாகின் மட்டும் கேக்குது. எக்ஸ்எஃப்சிஇ (XFCE, லேசான டெஸ்க்டாப்) போடணும். ஆர்ச் லினக்ஸோட விக்கியப் பாத்தா டிஸ்ப்ளே சர்வர், டிஸ்ப்ளே மேனேஜர், விண்டோ மேனேஜர்னு லிங்க்குக்குள்ள லிங்க் போய்க்கிட்டே இருக்கு, எதை முதல்ல படிக்கறதுன்னே தெரியல

பதில் 1:
ப்ரோ ஆர்ச் விக்கி தங்கம்தான், ஆனா ஓரளவு தெரிஞ்சவங்களுக்கு. டெபியன் அட்மினிஸ்ட்ரேட்டர் ஹேண்ட்புக் நெட்ல ஃப்ரீயா இருக்கு, அதுல வொர்க்ஸ்டேஷன் சாப்டர் படிங்க. இப்போதைக்கு ரூட்டா (அட்மின் யூசரா) நுழைஞ்சு டாஸ்க்செல்னு (tasksel) அடிங்க, ஒரு லிஸ்ட் வரும், எக்ஸ்எஃப்சிஇ மேல ஸ்பேஸ் தட்டினா நட்சத்திரம் விழும், அப்புறம் டேப் அடிச்சு ஓகே. லாகின் ஸ்கிரீனுக்கு வேண்டிய லைட்டிஎம் எல்லாம் அதுவே இழுத்துக்கும், ரீபூட் பண்ணா போதும்

பதில் 2:
இன்ஸ்டால்ல ரூட் பாஸ்வேர்ட் குடுத்திருந்தா சூடோ (sudo, அட்மின் வேலைக்கான கமாண்ட்) வேலை செய்யாது, அதை எந்த யூடியூப் வீடியோவும் சொல்றதில்ல 😄 எஸ்யூ (su) போட்டு ஸ்பேஸ் விட்டு ஒரு ஹைஃபன் அடிச்சு ரூட்டா உள்ள போங்க, ஹைஃபன் முக்கியம்

கேட்டவர்:
லிஸ்ட்ல க்னோம் டெஸ்க்டாப்பும் இருக்கே, எடுக்கலாமா?

பதில் 1:
2 ஜிபிக்கு வேணாம் ப்ரோ, மூச்சு வாங்கும். எக்ஸ்எஃப்சிஇ போடுங்க, இல்லன்னா எல்எக்ஸ்க்யூடி (LXQt), அதுவும் லேசான டெஸ்க்டாப்தான்