இருவர் எழுதிய விண்வெளிச் சஸ்பென்ஸ் நாவல்: வாசகர் வட்டத்தில எப்படிப் படிக்கிறது?

கனகராயன்கரை
வணக்கம். கிளிநொச்சியில எங்கட வாசகர் வட்டம் எடுத்திருக்கிறது இரண்டு பேர் சேர்ந்து எழுதின சஸ்பென்ஸ் நாவல். அமைச்சர் ஒருவர் விண்வெளி நிலையத்துக்குப் போறார், அவர் மேல இருக்கேக்க கீழ ஆட்சி ஆடுது. 40 அத்தியாயம். எட்டுப் பேருக்கு மூண்டு புத்தகம்தான். கதைச்சுருக்கத்தோட முடிக்காமல் ஒழுங்காப் படிக்க வேணும். ஆர் எந்தப் பகுதியை எழுதினவை எண்டு பிடிக்கலாமோ?

மாங்குளம்சந்தி
தம்பி, முதல் வாசிப்பில குறிப்பு எடுக்காதேங்கோ. இரண்டாவதில ஏ4 தாளைக் குறுக்க வைச்சு ஐஞ்சு நிரல் கீறுங்கோ: அத்தியாயம், நேரம், வாசகருக்குத் தெரிஞ்சது, அமைச்சருக்குத் தெரிஞ்சது, தரையில உள்ளவைக்குத் தெரிஞ்சது. கடைசி மூண்டு நிரலுக்கும் மூண்டு குழு, குழுவுக்கு ஒரு புத்தகம்.

கனபேர் இதில நடந்ததை எழுதிப்போட்டு விடுவினம். "கடிதம் வந்தது" எண்டால் ஒண்டுக்கும் உதவாது. செயலாளர் கடிதத்தை மறைச்சது வாசகருக்குத் தெரியும், அமைச்சருக்குத் தெரியாது எண்டு எழுதினால்தான் பதற்றம் எங்கயிருந்து வருது எண்டு விளங்கும். மூண்டு நிரலும் ஒண்டாகிற இடத்தில பதற்றம் செத்துப்போம். அடுத்த வரியிலயே புது இடைவெளி திறக்காட்டி, கதை தொய்யிற இடம் அதுதான்.

நேர நிரலை விட்டிடாதேங்கோ. சர்வதேச விண்வெளி நிலையத்தில கிரீன்விச் நேரம்தான் பாவிக்கினம். நாங்கள் ஐஞ்சரை மணித்தியாலம் முன்னுக்கு. அங்க மாலை 6 மணி எண்டால் கொழும்பில இரவு 11.30. மேல நடக்கிறதை ஒருவரும் கீழ நடக்கிறதை மற்றவரும் எழுதியிருந்தால் ஒட்டு முதல்ல விடுறது இங்கதான்.

வாவெட்டி
அரசியல்வாதி விண்வெளிக்குப் போறது முழுக்கக் கற்பனை இல்லை. அமெரிக்க செனட்டர் ஜேக் கார்ன் 1985 ஏப்ரலில டிஸ்கவரி விண்ணோடத்தில போனவர். அப்ப கீழ்ச்சபை உறுப்பினரா இருந்த பில் நெல்சன் 1986 ஜனவரியில கொலம்பியாவில போனார். கார்னுக்கு அங்க கடுமையான குமட்டல். பொதுவா முதல் இரண்டு மூண்டு நாள் அது கனபேரை வாட்டும், உடம்பு நீர் மேல ஏறி முகம் வீங்கி மூக்கும் அடைக்கும். உங்கட அமைச்சர் போன அண்டைக்கே துள்ளித் திரிஞ்சு சதியைத் துப்பறிஞ்சால் கேள்வி கேளுங்கோ.

ஒளிச்சு வைக்கிற காட்சி இருந்தால் இன்னும் கவனம். கட்டாமல் விட்ட சாமான் காற்றோட்டத்தோட மெல்ல மிதந்துபோய், காற்றை உள்ளிழுக்கிற வலையில ஒட்டிக்கொண்டு நிக்கும். தொலைஞ்சதை அங்கதான் முதல் தேடுவினம். கதாசிரியர் இதைப் பாவிச்சிருந்தால் நல்லா உழைச்சிருக்கிறார்.

அமைச்சர் எங்கட நாட்டவர் எண்டால் அரசியலமைப்பின் 66ஆம் உறுப்புரையையும் பாருங்கோ. பாராளுமன்ற அனுமதி எடுக்காமல் தொடர்ந்து மூண்டு மாதம் அமர்வுக்கு வராட்டி ஆசனம் போயிடும். நிலையத்தில வழமையாத் தங்கிறது ஆறு மாதமளவு. அனுமதி எடுத்தவரோ எண்டது கதையின்ர ஆணிவேர்.

ஒட்டுசுட்டான்
ஆர் எழுதினது எண்ட கேள்விக்கு: அமெரிக்க அரசியலமைப்பை ஆதரிச்சுப் புனைபெயரில வந்த ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில ஆர் எழுதினது எண்டு தெரியாமல் கிடந்ததுகளை புள்ளியியலாளர்கள் மொஸ்டெல்லரும் வாலஸும் 1964இல பிரிச்சது சின்னச் சொற்களை எண்ணித்தான். கதைப்பொருளோட ஒட்டாத சொல்லுகள்தான் எழுதிறவரின்ர கையைக் காட்டும்.

தமிழில "ஆனால்", "எனினும்", "என்று", "என", "போது", "பொழுது" மாதிரித் தனிச்சொல்லுகளை எடுங்கோ. "உம்" சொல்லோட ஒட்டி வாறதால கையால எண்ணக் கஷ்டம், விடுங்கோ. அத்தியாயத்துக்கு 1000 சொல், உரையாடலை முழுக்க வெட்டிப்போட்டு எண்ணுங்கோ. உரையாடல் பாத்திரத்தின்ர குரல், எழுதினவரின்ரது இல்லை. எழுத்துக்கூட்டலைச் சாட்சியா எடுக்காதேங்கோ, அது பதிப்பாசிரியரின்ர கையாயும் இருக்கும். ஒருவர் எழுதினதை மற்றவர் திருத்தி எழுதியிருந்தால் எண்ணிக்கையும் கலங்கிப்போம்.

கனகராயன்கரை
நன்றி அண்ணை. அமைச்சர் வன்னி மாவட்டப் பா.உ. எண்டு வருது. 31ஆம் அத்தியாயத்தில கிளிநொச்சிச் சனம் அவருக்கு விருப்பு வாக்குப் போட்டதா இருக்கு.

ஒட்டுசுட்டான்
அது பிழை. வன்னித் தேர்தல் மாவட்டம் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. கிளிநொச்சி வாக்கு யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குப் போறது. வேற அத்தியாயங்களில சரியா வந்திருக்கோ எண்டு பாருங்கோ. வந்திருந்தால் 31 மற்றவர் எழுதினதா இருக்கலாம், அதையும் அதுகளையும் பக்கத்தில வைச்சு முதல் சொல் எண்ணுங்கோ.