ஸ்மார்ட் வகுப்பறைக்கு உடனிருந்து வழிகாட்டும் பயிற்றுநர் தேவையா, இன்னோர் ஆசிரியர் தேவையா?

சாக்பீஸ் (அறிவியல் ஆசிரியை, அரசு நடுநிலைப்பள்ளி)

தமிழ்நாட்டில் 2018-ல் புதிய பாடநூல்களோடு க்யூஆர் குறியீடு வந்தது. 2019-ல் கல்வித் தொலைக்காட்சி, 2023-ல் பாடக் காணொளிகளுக்கான மணற்கேணி செயலி. தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறை, எங்களைப் போன்ற பள்ளிகளுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகம். பொருள் தருவதில் நான் குறை சொல்லவில்லை. ஆனால் அவற்றை வைத்துப் பாடம் நடத்த எங்களுக்குக் கிடைப்பது அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையத்தில் ஒரு நாள் கூட்டம். மறுநாள் வகுப்பில் நாங்கள் தனியாகத்தான் நிற்கிறோம்.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளிக்கு ஓர் ஆசிரியர் பயிற்றுநர் வந்தார். அன்று செரிமானம் பற்றிய காணொளியைக் காட்டப்போகிறேன் என்றேன். "இரைப்பை வந்ததும் நிறுத்திவிடுங்கள். உணவு இதுவரை எந்த வழியாக வந்தது, இனி எங்கே போகும் என்று பிள்ளைகளைப் படம் வரையச் சொல்லுங்கள்" என்றார். சொன்னபடி செய்தேன். நான்கைந்து பேர் தொண்டையிலிருந்தே இரண்டு குழாய்கள் வரைந்திருந்தார்கள்: சோற்றுக்கு ஒன்று, தண்ணீருக்கு ஒன்று! சிறுகுடலைப் பலர் வரையவே இல்லை. காணொளியை இறுதிவரை ஓடவிட்டிருந்தால் எல்லோரும் "புரிந்தது மிஸ்" என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அவர் மறுபடி வரவில்லை, வேறு பணிக்கு அனுப்பிவிட்டார்கள். வட்டார வள மையங்களில் இருக்கும் பயிற்றுநர்களை மற்ற வேலைகளிலிருந்து விடுவித்து, இந்த ஒரு வேலைக்கே அனுப்ப வேண்டும் என்பது என் கோரிக்கை.

முக்கோணம் (மூத்த கணித ஆசிரியர்)

சகோதரி, அவர் செய்தது நல்ல காரியம். ஆனால் அந்த யோசனை அவருக்கு வந்தது வகுப்பில் நின்று பாடம் நடத்திய அனுபவத்தால். அப்படிப்பட்டவரை ஒரு பள்ளியிலேயே நிறுத்துங்கள் என்கிறேன். ஈராசிரியர் பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். ஐந்து வகுப்புகள், இரண்டு பேர். ஒருவர் கூட்டத்துக்குப் போனால் மீதி ஒருவர். அவரிடம் போய், திரையை எப்படிப் பயன்படுத்துவது என்று அறிவுரை சொல்ல எனக்கு வாய் வராது. அங்கே தேவை மூன்றாவது ஆசிரியர்.

இன்னொன்றும் உண்டு. கடைசி பெஞ்சில் நோட்டோடு உட்காருபவர் யாராக இருந்தாலும் ஆசிரியருக்கு அவர் அதிகாரிதான். ஆண்டாய்வு பார்த்தே பழகியவர்கள் நாம். அவர் வரும் நாளுக்கென்று ஒரு பாடம் தயாராக இருக்கும். அவர் போனதும் திரைக்கு உறை போட்டுவிடுவோம்.

வள மையம்

நான் ஆசிரியர் பயிற்றுநர். பள்ளி, மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் தளத்தில் திருத்தம், இடைநின்ற குழந்தைகள் கணக்கெடுப்பு, காலையில் கேட்டு மாலைக்குள் அனுப்பச் சொல்லும் படிவங்கள்: என் வாரம் இவற்றிலேயே போய்விடுகிறது. பள்ளிக்குப் போனாலும் செயலியில் இருக்கும் கேள்விகளுக்கு விடை பதிந்துவிட்டு அடுத்த பள்ளிக்கு வண்டியை எடுக்க வேண்டும். ஒரு பாடவேளை முழுவதும் உட்கார்ந்து, பிறகு ஆசிரியரோடு கால் மணி நேரம் பேச முடிந்தால் அது அபூர்வம். முக்கோணம் ஐயா எங்களை அதிகாரி என்கிறார். எங்களை அப்படி ஆக்கியது அந்தப் படிவங்கள்தான்.

இளந்தளிர்

இதற்கு ஏன் ஆள் தேவை? பாடவாரியாக வாட்ஸாப் குழு இருக்கிறது. சந்தேகம் கேட்டால் பத்து நிமிடத்தில் யாராவது பதில் சொல்கிறார்கள். செலவே இல்லை.

திண்ணை வாசகன்

இளந்தளிர், இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் புமலாங்கா மாகாணத்தில் தொடக்க வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிப்பதற்காக, சில பள்ளிகளுக்குப் பயிற்றுநரை நேரில் அனுப்பினார்கள். வேறு சில பள்ளிகளுக்குக் கைக்கணினியில் பாடத்திட்டம், தொலைபேசியிலும் குறுஞ்செய்தியிலும் வழிகாட்டுதல். மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், பயிற்றுநர் நேரில் போன பள்ளிகளில் பேச்சு, வாசிப்பு இரண்டுமே மேம்பட்டிருந்தன. தொலைவழி வழிகாட்டுதலில் பேச்சுத்திறன் ஓரளவு கூடியது, ஆங்கில வாசிப்பு கூடவில்லை. தாய்மொழி எழுத்தறிவு பின்தங்கியே போனது.

கருவி மட்டும் போதுமா என்ற கேள்விக்குப் பெருவைப் பாருங்கள். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு மடிக்கணினிகளை வாரி வழங்கினார்கள். 2012-ல் வெளியான மதிப்பீடு 319 பள்ளிகளைப் பார்த்தது. கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் தென்படவில்லை.

கென்யாவின் கிசுமு பகுதி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. சில பள்ளிகளில் பயிற்றுநருக்குக் கைக்கணினி, சிலவற்றில் ஆசிரியருக்கு, சிலவற்றில் மாணவர்களுக்கு மின்வாசிப்பான். மூன்றிலும் வாசிப்பு மேம்பட்டது, மூன்றுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. செலவு மிகக் குறைவு பயிற்றுநருக்குக் கொடுத்த வழியில்தான். பின்னர் நாடு முழுவதும் நடந்த தூசோமே என்ற வாசிப்புத் திட்டத்தில், பயிற்றுநர் வகுப்பைப் பார்த்ததை ஜிபிஎஸ்ஸோடு பதிவு செய்தால் அதற்கேற்பப் பயணப்படி கொடுத்தார்கள். பள்ளிக்குப் போவது நடந்தது.

முக்கோணம்

கடைசியாகச் சொன்னீர்களே, அதுதான் என் அச்சம். இங்கே ஜிபிஎஸ் வந்தால், பயிற்றுநர் பள்ளி வாசல்வரை வந்தாரா என்பது தெரியும். உள்ளே என்ன பேசினார் என்பது தெரியாது. எண்ணிக்கை கேட்டு நெருக்குவார்கள், அவரும் எண்ணிக்கையைக் காட்டுவார்.

அமெரிக்காவில் கல்வி ஆய்வாளர் மாத்யூ கிராஃப்டும் சகாக்களும் இத்தகைய வழிகாட்டுதல் பற்றிய 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியிட்ட முடிவை நீங்களும் படித்திருப்பீர்கள். பயிற்றுநர் உடனிருந்தால் கற்பித்தல் நன்றாகவே மேம்படுகிறது, உண்மைதான். ஆனால் திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பயன் குறைகிறது என்பதும் அதே கட்டுரையில்தான் இருக்கிறது. ஒரு நல்ல பயிற்றுநரைச் சாக்பீஸ் சகோதரி பார்த்திருக்கிறார். மாநிலம் முழுவதற்கும் அப்படிப்பட்டவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

சாக்பீஸ்

ஐயா, பயன் குறையும் என்பதற்காக விட்டுவிட வேண்டுமா? அளவைச் சிறிதாக வைப்போம். ஒரு பயிற்றுநர், ஒரே பாடம், பத்துப் பன்னிரண்டு பள்ளிகளுக்கு மேல் கூடாது. எந்தப் பாடத்தை அவர் பார்க்க வேண்டும் என்பதை ஆசிரியரே சொல்லட்டும். அவர் எழுதும் குறிப்பு ஆசிரியரிடமே இருக்கட்டும், தலைமை ஆசிரியருக்கோ வட்டாரக் கல்வி அலுவலருக்கோ போகக் கூடாது. முதல் முறை அவரே பாடம் நடத்தட்டும், நாங்கள் கடைசி பெஞ்சில் உட்காருகிறோம். அப்படிப்பட்டவரை அதிகாரியாகப் பார்ப்பீர்களா?

உங்கள் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளில் முக்கோணத்தின் ஒரு முனையை இழுத்தால் மூன்று கோணங்களும் மாறும், கூட்டுத்தொகை 180 பாகையிலேயே நிற்கும். மென்பொருள் இலவசம், கணினியும் ஆய்வகத்தில் இருக்கிறது. ஆனால் முனையை இழுப்பது ஆசிரியரா, மாணவரா? இழுக்கும் முன் என்ன கேட்க வேண்டும்? இவற்றைக் கூட்டத்தில் உட்கார்ந்து கற்க முடியாது.

வள மையம்

அந்த நிபந்தனைகளில் குறிப்பு ஆசிரியரிடமே இருக்க வேண்டும் என்பதை நான் முழுமனதாக ஏற்கிறேன். அது நடந்தால் ஆசிரியர்கள் எங்களிடம் மனம்விட்டுப் பேசுவார்கள். படிவ வேலைக்குத் தனியாக ஆள் போடாமல் இவற்றில் எதுவும் நடக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முக்கோணம்

உயர்நிலைப் பள்ளிகளுக்கு, இந்த நிபந்தனைகளோடு, எழுத்தில் ஆணை வந்தால் நான் எதிர்க்க மாட்டேன். முனையை இழுப்பது யார் என்ற கேள்வி நியாயமானது. என் வகுப்பில் மாணவர்தான் இழுப்பார்.

தொடக்கப் பள்ளிகள் விஷயத்தில் மட்டும் ஓர் அடி பின்வாங்க மாட்டேன். மூன்றாம் வகுப்புக்குத் திரையைப் போட்டுவிட்டு அதே நேரத்தில் ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியைக்கு எந்தப் பயிற்றுநரும் துணையாக முடியாது. அங்கே ஆசிரியரை நியமித்த பிறகு பயிற்றுநரைப் பற்றிப் பேசுவோம்.