டாக்கரில் ரூட்: கன்டெய்னரை மூடினால் ஃபைல் காணாமல் போகிறது, கிராஃபும் திறக்கவில்லை

கேள்வி:
துகள் இயற்பியல் பாடத்துக்கு செர்ன் உருவாக்கிய, தரவை அலசி வரைபடம் போடும் ரூட் மென்பொருள் தேவை, எல்லோரும் ஒரே டாக்கர் இமேஜில்தான் (மென்பொருளையும் அது ஓடத் தேவையானதையும் சேர்த்துக் கட்டிய பொதி) செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம். டாக்கர் டெஸ்க்டாப் போட்டு ரூட் வரைக்கும் வந்துவிட்டேன். ஆனால் ஹிஸ்டோகிராமைச் சேமித்துவிட்டு வெளியே வந்து மறுபடி ஓடவிட்டால் அந்த ஃபைல் இல்லை. வரையச் சொன்னால் விண்டோவும் திறக்கவில்லை. லேப்டாப் வேறு திணறுகிறது. பேசாமல் ரூட்டை நேரடியாகவே போட்டுக்கொள்ளட்டுமா?

பதில் 1:
விட்டுவிடாதீர்கள், எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருந்தால்தான் உங்கள் கோட் திருத்துபவரின் கணினியிலும் அப்படியே ஓடும். 'டாக்கர் ரன்' கொடுக்கும் ஒவ்வொரு முறையும் அதே இமேஜிலிருந்து புதுக் கன்டெய்னர் (இமேஜ் ஓடும் தனிப் பெட்டி மாதிரி) உருவாகிறது, உங்கள் ஃபைல் பழையதில் கிடக்கிறது. 'டாக்கர் பிஎஸ் -ஏ' என்று அடித்துப் பாருங்கள், நின்றுபோனவை எல்லாம் வரும். அதிலிருந்து 'டாக்கர் சிபி' மூலம் ஃபைலை வெளியே எடுத்துவிடலாம். (ரன் செய்யும்போது '--ஆர்எம்' சேர்த்திருந்தால் மட்டும் போனது போனதுதான்.) இனிமேல் '-வி' கொடுத்து உங்கள் ஃபோல்டர் ஒன்றை உள்ளே இணைத்துவிட்டு, எதையும் அதற்குள்ளேயே சேமியுங்கள்.

பதில் 2:
கன்டெய்னருக்குள் திரை என்று ஒன்று கிடையாது, அதனால்தான் விண்டோ வரவில்லை. பாடத்துக்கு அது தேவையும் இல்லை. ரூட்டை '-பி' கொடுத்து, விண்டோ திறக்காத பேட்ச் முறையில் ஓட்டி, கேன்வாஸை (வரைந்த படத்தை) பிஎன்ஜி-யாகச் சேமித்தால் போதும். இமேஜில் ஜூப்பிட்டர் (பிரவுசரிலேயே கோட் எழுதி ஓட்டும் கருவி) இருந்தால் இன்னும் வசதி, 8888 போர்ட்டைத் திறந்துவிட்டு பிரவுசரிலேயே படம் பார்க்கலாம். ஆனால் ஜூப்பிட்டரைத் தொடங்கும்போது ஐபி-யை 0.0.0.0 என்று கொடுங்கள்; இல்லாவிட்டால் அது கன்டெய்னருக்குள் இருந்து வரும் இணைப்பை மட்டுமே கேட்கும், பிரவுசரில் பக்கம் வராது, போர்ட் சரியாகத்தானே இருக்கிறது என்று அதையே தோண்டிக்கொண்டிருப்பீர்கள்.

பதில் 3:
திணறலுக்கு வருகிறேன். டாக்கர் டெஸ்க்டாப் விண்டோஸில் பொதுவாக, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2-இன் மேல் ஓடுகிறது, அது வழக்கமாக ரேமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். உங்களுக்கு அது 4 ஜிபி. '.டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக்' ஃபைலில் மெமரி 3 ஜிபி என்று எழுதி, 'டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்' கொடுத்து மறுபடி தொடங்குங்கள். அப்புறம், பதில் 1-இல் சொன்ன ஃபோல்டர் சி டிரைவில் இருந்தால் லினக்ஸ் பக்கத்திலிருந்து அதைப் படிப்பது ரொம்ப மெதுவாக இருக்கும். கோட் அங்கே இருக்கலாம், பெரிய தரவு ஃபைல்களை டாக்கர் வால்யூமில் (டாக்கரே தனியாகப் பராமரிக்கும் சேமிப்பிடம்) வைப்பதுதான் என் கணக்கில் சரி.

கேட்டவர்:
பழைய கன்டெய்னர்கள் வரிசையாக இருந்தன, ஃபைலை எடுத்துவிட்டேன், நன்றி. பேட்ச் முறையில் பிஎன்ஜி-யும் வந்துவிட்டது. அந்தப் பழைய கன்டெய்னர்களை இப்போது அழித்துவிடலாமா?

பதில் 1:
தேவையான ஃபைல்களை எல்லாம் எடுத்தாயிற்று என்று உறுதியான பிறகு 'டாக்கர் கன்டெய்னர் ப்ரூன்' கொடுங்கள். நின்றுபோன கன்டெய்னர்கள் மட்டும் போகும், இமேஜும் வால்யூமும் அப்படியே இருக்கும்.